நாலு நாள் வேலைக்கு இரண்டு வாரம்

ஓர் உடுப்பைப் பார்த்து, இதற்கு எத்தனை நாள் ஆகும், எவ்வளவு ஆகும் என்று சொல்வதுதான் என் வேலை. தைப்பதெல்லாம் அக்கா. எனக்கு ஒரு பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது. ஆனால் துணியை உள்பக்கம் திருப்பி, தையலுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு துணி மிச்சம் விட்டிருக்கிறார்கள் என்று விரலால் தடவினால் போதும். இது ஒரு நாள் வேலையா, ஒரு வார வேலையா, வெறும் தலைவலியா என்று சொல்லிவிடுவேன். சொன்ன நாள் தவறியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, எனக்கென்று வேறு என்ன இருக்கிறது?

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள். "சின்ன வேலைதாங்க." இதுவரை யாரும் சின்ன வேலையைக் கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. கீழே இரண்டு விரல் ஏற்றினால் போதும் என்பார்கள். திருப்பிப் பார்த்தால் ஓரம் முழுக்க மணி கோத்திருக்கும், அதற்குள் லைனிங், லைனிங்குக்குள் வலை. மணியைக் கழற்ற ஒரு நாள், ஏற்ற ஒரு மணி நேரம், திரும்பக் கோக்க இரண்டு நாள். சொன்னதும் முகம் சுருங்கும். இவ்வளவு ஆகுமா? ஆகும். நாளைக்கே வேணுமே? கிடைக்காது. இப்படிப் பட்டென்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அக்கா என்னைக் கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கிறாள். அவளை விட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கண் வீங்கத் தைத்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் கடை ஒரு குறுகலான தெருவில் இருக்கிறது, நாடக அரங்கத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே. மேலே இரண்டு அறைகள், அதுதான் வீடு. எனக்கு நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, அது சரிப்பட்டு வராமல், ஒரு பெட்டியோடு இங்கே திரும்பி வந்தேன். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "சாப்டியா?" என்றாள். அவ்வளவுதான். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நேரம் எங்க இருந்துச்சு?" என்பாள். அந்த நேரத்தையெல்லாம் தின்று தீர்த்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதைப் பேச்செடுத்தால் அவளுக்குக் கோபம் வரும். நானும் எடுப்பதில்லை.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு கடை வேறு மாதிரி ஆகிவிடும். யாரும் வர மாட்டார்கள். கம்பியில் வரிசையாகத் தொங்கும் உடுப்புகள் மின்விசிறிக் காற்றில் மெல்ல அசையும். வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து முதலில் ஒரு மஞ்சள் கவுனைத் தொடும், பிறகு அடுத்ததை, பிறகு அதற்கடுத்ததை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழும்பும். எதிர் அரங்கத்தில் ஒத்திகை நடந்தால், மேல் ஜன்னலிலிருந்து வயலின்கள் ஒன்றாகக் கிளம்பித் தெருவைக் கடந்து உள்ளே வரும். கன்னத்தைக் கையில் தாங்கியபடி நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அப்போது அவை உடுப்புகளாகவே தெரியாது. உடம்பை வீட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக வந்து நிற்கும் ஆட்கள் மாதிரி இருக்கும். ஒருவருக்கு ஏற்ற வேண்டும், ஒருவருக்கு இறக்க வேண்டும், ஒருவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். யாருக்கும் அவசரம் இல்லை.

அப்படியொரு மத்தியானத்தில்தான் அந்தக் கறுப்புக் கோட்டு உள்ளே வந்தது. அது தானாகவே நடந்து வருகிறது என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகுதான் அதற்குள் ஒரு மனிதர் இருப்பது தெரிந்தது. ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது, ஒல்லி, காதோரம் நரை. அரங்கத்து வாத்தியக் குழுவில் வயலின் வாசிப்பவர்.

"கையத் தூக்கினா கோட்டு மொத்தமும் கூடவே எழும்புதுங்க," என்றார். வில்லைப் பிடித்த மாதிரி வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோள், காலர், பொத்தான் எல்லாம் ஊர்வலமாக மேலே போயின. பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அவரும் சிரித்தார்.

கோட்டைக் கழற்றச் சொல்லி உள்பக்கம் திருப்பினேன். கை வந்து உடம்போடு சேரும் இடத்தைக் கைக்குழி என்போம். அது இவருக்கு ரொம்பக் கீழே இறங்கியிருந்தது. கையைப் பிரித்து, குழியை மேலே ஏற்றி, அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். துண்டுக்குத் துணி கோட்டின் உள்மடிப்பிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டாகிவிட்டது. "நாலு நாள்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ரெண்டு வாரம் ஆகும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா. நான் நாள் சொல்லும்போது அவள் வாயைத் திறந்ததே கிடையாது. மிஷினிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி அப்பிடி. பாத்துப் பாத்துதான் செய்யணும். நடுவுல ரெண்டு மூணு தடவ வந்து போட்டுக் காட்டணும். கை எப்பிடிப் போகுதுன்னு தெரியணும், வாத்தியத்தையும் கொண்டு வாங்க."

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க நிதானமா செய்யுங்க," என்றார் அவர்.

கதவு சாத்தியதும் நான் பிடித்துக்கொண்டேன். "நாலு நாள் வேலைக்கு ரெண்டு வாரமா? ஒரு கைக்குழிக்கு? நான் சொன்ன நாள் ஒரு தடவையாவது தப்பியிருக்கா?"

"கறுப்புத் துணிடி. கண்ணுக்குத் தெரியாது."

"போன மாசம் கறுப்பு கவுன் ஒரே நாள்ல முடிச்சியே?"

"அது வேற கறுப்பு," என்றாள்.

ஏற்கெனவே நூல் கோத்த ஊசியில் இன்னொரு முறை நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. அட என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அட, அட, அட. என் அக்கா, கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்து தைப்பவள், நாளைக் கூட்டிச் சொல்கிறாள்.

"சரி," என்றேன். "ரெண்டு வாரம்னா ரெண்டு வாரம். வேணும்னா மூணாவே போட்டுக்க."

"வாய மூடு," என்றாள்.

அந்த இரண்டு வாரத்தை இப்போது நினைத்தால் முழுக்க ஒரே மத்தியானமாகத்தான் தெரிகிறது. அவர் வருவார். அக்கா கோட்டை வெள்ளை நூலால் நீளமாக ஓட்டி வைத்திருப்பாள். அது நிற்கிற தையல் இல்லை. சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கழன்று வந்துவிடும். அதனால்தான் கறுப்புத் துணிக்கு வெள்ளை நூல். அவர் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார். "அப்ப வெள்ளையா இருந்தா இழுக்கலாம்," என்றார். "என்னைக் கேட்டுட்டு இழுக்கலாம்," என்றாள் அக்கா.

கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று அவர் வாசிப்பார். அக்கா வாயில் நாலைந்து குண்டூசிகளை வைத்துக்கொண்டு, அவருடைய வலது கைக்குக் கீழே நின்று, கைக்குழிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தபடி இருப்பாள். வில் மேலே போகும்போது அவளும் நுனிக்காலில் எழும்புவாள். கீழே வரும்போது அவளும் இறங்குவாள். தெரியாதவர்கள் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஆடுகிறார்கள் என்றுதான் சொல்வார்கள். மெட்டு என்னவென்று எனக்குத் தெரியாது. வாசிக்க ஆரம்பித்தால் கம்பியில் தொங்கும் உடுப்புகள் எல்லாம் அசைவதை நிறுத்திவிடும். மின்விசிறி அதே வேகத்தில்தான் சுற்றும், ஆனாலும் நிறுத்திவிடும். நான் சத்தியம் செய்யத் தயார். மஞ்சள் கவுன் லேசாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு கேட்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டாவது தடவை வந்தபோது அவர் ஒரு விஷயம் சொன்னார். இந்தப் பருவம் முடிந்ததும் குழு கிளம்பிவிடும். ஊர் ஊராக, குறைந்தது ஒரு வருஷம். ஆனால் அரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தர ஆள் கேட்டிருக்கிறார்கள். இருந்தாலும் இருக்கலாம், போனாலும் போகலாம்.

"நீங்க என்ன முடிவு பண்ணிருக்கீங்க?" என்று நான்தான் கேட்டேன். வேறு யார் கேட்பார்கள்?

"இருக்கணும்னா ஒரு காரணம் வேணும் இல்லைங்களா," என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. தன் வலது கைக்குக் கீழே நின்றுகொண்டிருந்த உச்சந்தலையைப் பார்த்துச் சொன்னார்.

அந்த உச்சந்தலை, "ம்," என்றது. வாயில் குண்டூசி.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குண்டூசியைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்? அன்று முழுக்க எரிச்சலாகவே இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு நாள் கூட்டியே சொன்னேன்.

மூன்றாவது தடவை, கடைசித் தடவை. கோட்டு ஏறக்குறைய முடிந்துவிட்டது. வெள்ளை நூலை எடுத்துவிட்டுக் கறுப்பு நூலில் நிலையாகத் தைத்தால் சரி. அவர் நீளமாக ஒன்றை வாசித்து முடித்தார். வில்லை மேஜைமேல் வைத்தார். வயலினையும் வைத்தார். வெளியே லேசாகத் தூறல். கடைக்குள் பச்சை வெளிச்சம், எதிரில் மாட்டியிருந்த ஒரு பட்டு உடுப்பிலிருந்து வந்தது. அக்காவின் விரல்கள் இன்னும் கைக்குழிக்குள்ளேயே இருந்தன. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெதுவாக, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். இடுப்பில் பிடித்திருக்கிறதா, தோளில் பிடித்திருக்கிறதா, உட்கார்ந்தால் பிடிக்கிறதா. பிடித்திருந்தால் பிரித்து விடுவோம், தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைப்போம். காலையிலிருந்து ராத்திரி வரை பிடிக்கிறதும் பிரிக்கிறதும்தான். ஊரில் மற்றவர்கள் அந்த வார்த்தையை வேறு எதற்கும் பயன்படுத்துகிறார்கள் என்பதே எங்களுக்கு மறந்து போய்விட்டது.

அக்கா விரலைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தாள். குண்டூசியை எடுத்துவிட்டு, ரொம்பப் பெருமையாகச் சொன்னாள்: "இல்லைங்க. பிடிக்கல. கொஞ்சம்கூடப் பிடிக்கல. இனிமே நீங்க தாராளமாப் போகலாம். எவ்வளவு தூரம் வேணும்னாலும்." அவள் சொன்னது கையை.

தூறல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிங்க," என்றார். கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். வயலினைப் பெட்டியில் வைக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. "சனிக்கிழமை கடைசி ஆட்டம். மறுநாள் கிளம்பறோம். கோட்டை வாங்க ஆள் அனுப்பறேன்," என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டார் போல," என்றாள் அக்கா கொஞ்ச நேரம் கழித்து.

"போகட்டும். ரெண்டு வாரமா இங்க வந்து ஆலாபனை பண்ணிட்டு, ஆள் அனுப்பறாராம் ஆள். பெரிய மனுஷன்," என்றேன். அன்று அவள் மிஷினில் உட்கார்ந்தாளே தவிர, மிதிக்கவில்லை. சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அப்படித்தான் போனது. எதிர் ஜன்னலிலிருந்து வயலின்கள் வரும். அத்தனை வயலின்களில் ஒன்றை மட்டும் அவள் தனியாகப் பிரித்துக் கேட்கிறாள் என்பது முகத்தில் தெரியும். அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணப் பெண் வந்தாள். அரக்குக் கலரில் வரவேற்புக்குப் போடும் நீள உடுப்பு. இடுப்பில் பிடிக்க வேண்டும். உள்ளே எலும்பு, அதாவது விறைப்பாக நிற்க வைக்கிற பட்டைக் கம்பிகள், வைத்துத் தைத்திருந்தது, அதனால் ஐந்து நாள் என்று சொல்லியிருந்தேன். கட்டிக்கொள்ளப் போகிறவன் திரைக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அக்கா உள்ளே இடுப்பைச் சுற்றிக் குண்டூசி குத்திவிட்டு, வழக்கம்போல, "பிடிச்சிருக்காம்மா?" என்றாள்.

அந்தப் பெண் திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொம்பப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி. பிடிக்கலன்னா கட்டிக்க ஒத்துப்பேனா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண்ணும் புரிந்துகொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். கையிலிருந்த டப்பா கவிழ்ந்து குண்டூசிகள் தரையெல்லாம் பளபளவென்று ஓடின. அவள் அவற்றைப் பொறுக்கவும் இல்லை.

பெண்ணும் பையனும் போன பிறகு கதவுக்குக் கொக்கி போட்டேன்.

"அவர் கோட்டைத்தான் கேட்டார்," என்றாள் அக்கா. நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

"போன் போட்டுக் கேட்டுடேன்."

"என்னன்னு கேப்பேன்? அன்னிக்கு நீங்க கேட்டது கோட்டையா, என்னையான்னா? கோட்டைன்னு சொல்லிட்டார்னா நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது? இந்த வயசுல இந்தப் பேச்சு எனக்குத் தேவையா?"

"அவர் எப்பிடிக் கேட்டார்னு யோசி."

"கேக்கற மாதிரிதான் கேட்டார்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாதித் தூக்கத்தில் பார்த்ததெல்லாம் எனக்கு அப்படியே நிற்கும். அது என் சாபமோ வரமோ. பச்சை வெளிச்சம். தூறல். வில் மேஜைமேல். வயலின் மேஜைமேல். அவர் நிற்கிறார். கை...

"அக்கா," என்றேன். "கை கீழ இருந்துச்சு."

"என்ன?"

"கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னார். வில்ல வச்சுட்டார். ரெண்டு வாரமா கைக்குழிய பத்திக் கேக்கறப்பல்லாம் கையத் தூக்கிட்டுதானே கேட்டார்? கையக் கீழ விட்டுட்டு எவனாவது கைக்குழி பிடிக்குதான்னு கேப்பானா? கீழ இருந்தா எந்தக் கைக்குழிடி பிடிக்கும்?" அக்காவை 'டி' போட்டது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அவள் மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். இறக்கிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக ஆயிரம் தோள்களைப் பார்த்தவள். அவளுக்கு நான் மேற்கொண்டு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம்கூடப் பிடிக்கலன்னு சொன்னேனே," என்றாள். "எவ்வளவு தூரம் வேணும்னாலும் போங்கன்னு சொன்னேனே." அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

"இப்ப போய்ச் சொல்லு. எதிர்லதான் இருக்கார், நாலு எட்டு."

"வாயால எனக்குச் சொல்ல வராதுடி," என்றாள். அதுவும் உண்மை. வாயால் சொல்ல வேண்டியதையெல்லாம் இத்தனை வருஷமாக அவளுக்காக நான்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் இதை நான் போய்ச் சொன்னால் அது வெறும் எஸ்டிமேட்டாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் நான் இறங்கி வந்தபோது அவள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது வியாழக்கிழமையே முடிந்த வேலை. கறுப்பு நூலில் கண்ணுக்குத் தெரியாத தையல், கை பறவை மாதிரி எழும்பும். இப்போது அவள் கையில் வெள்ளை நூல் இருந்தது. வலது கையின் அடிப்பக்கத்தைக் கோட்டின் விலாவோடு சேர்த்து, ஒரே நீள நூலாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நுனியில் முடிச்சுப் போடவில்லை.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அக்கா, இத போட்டா கை பாதிக்கு மேல போகாதே."

"போகாது."

"பிடிக்குமே."

"ஆமா," என்றாள். "பிடிக்கும்."

வாழ்க்கையில் ஒரு தப்புத் தையல் போடாதவள். ஒரு இழை கோணினால் முழுவதையும் பிரித்துப் போடுகிறவள். நான் நின்று பார்த்தேன்.

"அவரே நூல இழுத்துட்டார்னா?" என்றேன் கடைசியில். "வெள்ளைன்னா இழுக்கலாம்னு அவருக்குத் தெரியுமே."

"இழுத்தா கை சரியா வரும். நல்லா வாசிக்கட்டும். நாளைக்குக் கிளம்பட்டும்." நூலை நறுக்கினாள். "அப்புறம் நான் கேக்க ஒண்ணும் இல்ல." குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் நறுக்கிய நூலையே இன்னொரு முறை நறுக்கினாள்.

பத்து மணிக்குக் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கிறவர் வந்து கோட்டை வாங்கிப் போனார். மத்தியானம் உடுப்போடு ஒத்திகை, சாயங்காலம் ஆட்டம் என்றார். "நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார். "போட்டுப் பாக்கச் சொல்லுங்க," என்றேன். அதற்கு மேல் என் வாய் எப்படிச் சும்மா இருந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

மத்தியானம் வந்தது. வெயில் வழக்கம்போல் கதவு வழியாக வந்து ஒவ்வோர் உடுப்பாகத் தொட்டது. நான் தூங்கவில்லை. எதிரே மேல் ஜன்னலை யாரோ திறந்தார்கள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சுருதி சேர்ந்தன. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு எல்லாம் ஒன்றாக எழும்பின. அக்கா தையலை நிறுத்திவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அந்தப் பெரிய சத்தத்துக்குள் ஓர் இழை மட்டும் அறுந்தது. எனக்கே கேட்டது என்றால் அவளுக்குக் கேட்காமலா இருக்கும்? மற்றவை போய்க்கொண்டே இருந்தன.

"நின்னுடுச்சு," என்றாள்.

இப்போது அவர் உள்ளே பார்ப்பார். வெள்ளை நூல் தெரியும். ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வயலின் திரும்பச் சேர்ந்துவிடக் கூடாது என்று நான் யாரிடமெல்லாமோ வேண்டிக்கொண்டேன். இசை வந்துகொண்டே இருந்தது, சேர்ந்ததா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. தெருவில் வெயில் மட்டும் இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது.

பின்வாசல் திறந்தது. அவர் தெருவைக் கடந்து வந்தார். கோட்டைப் போட்டபடியே, வலது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அடிபட்டவர் மாதிரி வந்தார். இடது கையால்தான் கதவைத் தள்ளினார்.

"கை பிடிக்குதுங்க," என்றார்.

"தெரியும்," என்றாள் அக்கா. எழுந்து நின்றிருந்தாள். வாயில் குண்டூசி இல்லை.

"ஒரு நூல்தானே, இழுத்துவிட்டிருந்தா வந்திருக்குமே," என்றேன். யாராவது கேட்டாக வேண்டுமே.

"பாத்தேன்," என்றார் அவர், அக்காவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கேட்டுட்டு இழுக்கணும்னு சொல்லிருந்தீங்க."

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அவளுக்குப் பேச்சு வராது என்று நான் சொல்லியிருக்கிறேன். நானே பேசிவிடுவேனோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டப்ப," என்றாள், "நான் கோட்டைன்னு நெனச்சுட்டேன்."

அவர் காத்திருந்தார்.

"பிடிச்சிருக்கு," என்றாள் அக்கா. "கோட்டச் சொல்லல. உங்களச் சொல்றேன்."

அவர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"இருங்க," என்று அக்கா கிட்டே போனாள். இரண்டு விரலைக் கைக்குழிக்குள் விட்டு நூலின் நுனியைத் தேடிப் பிடித்தாள். உடனே இழுக்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் மேல போடி," என்றாள்.

என் கடை. என் கவுன்ட்டர். போனேன். படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் நன்றாக அழுதேன். சந்தோஷம்தான். முக்கால்வாசி சந்தோஷம், மிச்சம் பயம். இத்தனை வருஷம் எனக்கென்று இருந்த ஒரே மனுஷி. அவளை இனி பங்கு போட வேண்டும். அதற்காக, இரண்டு வாரமாக அவர் கைக்குக் கீழே அவள் நுனிக்காலில் எழும்பி நின்றதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

"ஏய், அழறியா?" என்று கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இல்ல."

"பொய் சொல்லாத. மூணு டீ போட்டு எடுத்துட்டு வா."

எங்கள் வீட்டில் கப் இரண்டுதான். அதை அவர்களுக்கு ஊற்றிவிட்டு, எனக்குத் தண்ணீர் குடிக்கிற டம்ளரில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.